பழைய டிராக்டருக்கு ஒரு கிளட்ச் ஃபோர்க்: லேத் இல்லாமல் வீட்டிலேயே செய்தது

கிளட்ச் பெடலிலிருந்து போகும் ராடின் நுனியில், இரண்டு காதுகளோடு ஒரு சின்ன இரும்புத் துண்டு இருக்கும். அந்தக் காதுகளுக்கு நடுவில் கிளட்ச் லீவர் நுழைந்திருக்கும், குறுக்கே ஒரு பின் போயிருக்கும். சிலர் இதை ஃபோர்க் என்பார்கள், சிலர் யோக் என்பார்கள். என் டிராக்டரில் தேய்ந்துபோனது இதுதான். கூடவே பின்னும் லீவரின் ஓட்டையும் தேய்ந்திருந்தன.

இந்தத் தேய்மானம் பல காலம் வெளியே தெரியாது. கிளட்ச் ராடு எப்போதும் ஒரே திசையில்தான் இழுக்கிறது. ஓட்டை எவ்வளவு நீண்டாலும் ராடை இன்னும் இரண்டு சுற்று உள்ளே திருகினால் பெடல் பழைய இடத்துக்கு வந்துவிடும். அதனால் எல்லோரும் திருகிக்கொண்டே போவார்கள். என் வண்டியில் ராடின் நுனி லீவரைத் தொடும் அளவுக்கு உள்ளே வந்துவிட்டது, இனித் திருக இடமில்லை. கழற்றிப் பார்த்தபோது மூன்று இடங்களின் தேய்மானமும் சேர்ந்து ராடில் 4 மி.மீ. சொச்சம் வெறும் ஆட்டமாகப் போயிருந்தது. பெடலின் கை 300 மி.மீ., ராடு மாட்டியிருக்கும் கை 60 மி.மீ., அதாவது ஐந்துக்கு ஒன்று. காலடியில் 20 மி.மீ.க்கு மேல் வீணாகிறது.

எடுத்த உடனே ஒன்று சொல்லிவிடுகிறேன். ஸ்டீயரிங் பால் ஜாயின்ட், டிராப் ஆர்ம், பிரேக் இணைப்புகள், பி.டி.ஓ. (எஞ்சின் சக்தியைப் பின்னால் மாட்டும் கருவிகளுக்குக் கொடுக்கும்) ஷாஃப்ட் சமாச்சாரங்கள் எதையும் நான் வீட்டில் செய்வதில்லை. கிளட்ச் ஃபோர்க்கும் முழுக்க ஆபத்தில்லாத பாகம் என்று சொல்ல மாட்டேன். அது அறுந்தால் கிளட்ச் விடுபடாது, பிடித்தபடியே இருக்கும். பெடலை மிதித்தாலும் வண்டி போய்க்கொண்டே இருக்கும். பிரேக்கும் எஞ்சினை நிறுத்தும் இழுப்பானும் கைவசம் இருப்பதால்தான் துணிந்தேன். உடையும் வாய்ப்பு எவ்வளவு என்று கணக்குப் போட்டும் பார்த்தேன், அது பின்னால் வருகிறது.

பழையதைப் படிப்பது

புதிதாகச் செய்வதற்கு முன் பழைய துண்டோடு நிறைய நேரம் செலவழிக்க வேண்டும். அது ஏன் தேய்ந்தது என்று தெரியாமல் அதே மாதிரி இன்னொன்று செய்தால், அதே மாதிரிதான் அதுவும் தேயும்.

முதலில் மண்ணெண்ணெயில் ஊறவைத்து, கம்பி பிரஷ் போட்டுச் சுத்தம் செய்தேன். பிறகு மேலே இருந்த மண்ணெண்ணெயை நன்றாகத் துடைத்துவிட்டு, சாக்பீஸைப் பொடித்துக் காதுகளின் மேல் பூசினேன். விரிசல் இருந்தால் அதற்குள் புகுந்த மண்ணெண்ணெய் மெல்லக் கசிந்து வெளியே வந்து, வெள்ளைப் பொடியில் ஈரக் கோடாகத் தெரியும். ஒரு காதில் ஓட்டையின் விளிம்பிலிருந்து நுனி நோக்கி மயிரிழை போல ஒரு கோடு வந்தது. வெறும் கண்ணுக்கு அது தெரியவே இல்லை. அந்த இடத்தில் 6 மி.மீ. இருந்திருக்க வேண்டிய சுவர் 4 மி.மீ.க்கு வந்திருந்தது. வெல்டிங் வைத்து ஒப்பேற்றலாமா என்ற யோசனை அந்தக் கோட்டோடு முடிந்துபோனது.

அடுத்து வெர்னியர். ஒரு காதின் ஓட்டை இழுப்புத் திசையில் 14.8 மி.மீ., குறுக்கே 12.8. இன்னொரு காதில் இழுப்புத் திசையில் 13.6தான். இரண்டு காதுக்கும் ஒரே பின், ஒரே இழுப்பு. பிறகு எப்படி ஒன்று மட்டும் இரண்டு மடங்குக்கு மேல் தேயும்? ராடு நேராக இழுக்கவில்லை, ஒருபக்கமாகச் சாய்ந்து இழுக்கிறது என்றுதான் அர்த்தம். வண்டிக்கு அடியில் படுத்து, லீவரின் நடுவிலிருந்து பெடல் கையின் நடுவுக்கு ஒரு நூல் கட்டிப் பார்த்தேன். பெடல் தன் ஷாஃப்டில் பக்கவாட்டில் நகர்ந்து உட்கார்ந்திருந்தது. பெடல் ஹப்புக்குப் பக்கத்தில் இருக்க வேண்டிய தடித்த வாஷர் தேய்ந்து தகடாகியிருந்தது. உண்மையான குற்றவாளி அந்த வாஷர்தான். புதிய வாஷர் போட்டதும் நூல் ராடோடு ஒட்டி நின்றது. இதைப் பார்க்காமல் ஃபோர்க்கை மட்டும் மாற்றியிருந்தால், புதுக் காதும் அதே பக்கம் தின்றுபோயிருக்கும்.

பின் சொன்ன கதை வேறு. தலைப்பக்கம், தேயாத இடத்தில் அரத்தை வைத்தால் கண்ணாடியில் தேய்ப்பது போல வழுக்கியது. நடுவில் லீவர் உட்கார்ந்து தேய்ந்த பள்ளத்தில் அதே அரம் நன்றாகக் கடித்தது. மென்மையான இரும்பில் மேல்தோலை மட்டும் கார்பன் ஏற்றிக் கடினப்படுத்திய பின் அது. அந்தத் தோலின் தடிமன் பெரும்பாலும் 1 மி.மீ.க்குள்தான் இருக்கும். இந்தப் பின்னில் பள்ளம் 1.2 மி.மீ. ஆழம். தோல் இருந்தவரை மெதுவாகத் தேய்ந்திருக்கும், தோல் போனதும் வேகம் பிடித்திருக்கும். அந்த வேகத்தில் லீவரின் ஓட்டையையும் கெடுத்துவிட்டது.

எதை அளப்பது

தேய்ந்த பாகத்தை வைத்து அளவெடுத்தால் தேய்மானத்தையும் சேர்த்தே நகல் எடுப்போம். எனவே அளவுகளைத் தேயாத முகங்களிலிருந்து எடுத்தேன். பின் ஒரு பக்கம்தான் அழுத்துகிறது என்பதால் ஓட்டையின் மறுபக்க அரைவட்டம் புதிதாக இருந்தபடியே இருக்கும். அங்கிருந்து பழைய பின்னின் ஆரத்தை, அதாவது 6.35 மி.மீ.யை அளந்தால் அசல் மையம் கிடைத்துவிடும். லீவருக்கும் இதே வழிதான்.

பழைய பின்னின் விட்டம் 12.7 மி.மீ., அதாவது அரை அங்குலம். இதை 12 மி.மீ. ஆக்கிவிட முடிவு செய்தேன். கம்பி, புஷ் (ஓட்டைக்குள் இறக்கும் குழாய்த் துண்டு), ரீமர் (டிரில் போட்ட ஓட்டையைத் துல்லிய அளவுக்குச் சீவும் கருவி) மூன்றும் அந்த அளவில்தான் சுலபமாகக் கிடைக்கின்றன. விட்டம் குறைவதால் வலு போய்விடுமா என்று சந்தேகப்படுவோருக்காகக் கணக்கு: ஒருவர் 80 கிலோ எடையோடு பெடல் மேல் ஏறியே நின்றாலும் பெடலில் ஏறக்குறைய 800 நியூட்டன், ராடில் அதன் ஐந்து மடங்கு, 4000 நியூட்டன். 12 மி.மீ. பின்னின் குறுக்குப் பரப்பு 113 சதுர மி.மீ. இரண்டு காதுகளுக்கும் பக்கத்தில் இரண்டு இடத்தில் வெட்டுவிசை தாங்குவதால் 226. ஒரு சதுர மி.மீ.க்கு 18 நியூட்டன்கூட வரவில்லை. சாதாரண மைல்டு ஸ்டீலே இதற்குப் பல மடங்கு தாங்கும். ஆக, இங்கே பிரச்சினை உடைவது அல்ல, தேய்வது. எதைத் தேயவிடுவது, எதைத் தேயாமல் காப்பது என்பதில்தான் மூளையைச் செலவழிக்க வேண்டும்.

நான் எடுத்த முடிவு இது. பின் ஃபோர்க்கில் சுற்றவே கூடாது. சுற்றல் முழுவதும் லீவருக்குள் இறக்கும் கன்மெட்டல் (ஒரு வகை வெண்கலம்) புஷ்ஷில் நடக்கட்டும். புஷ் தேய்ந்தால் தட்டி எடுத்துவிட்டு வேறு போட்டுக்கொள்ளலாம். அசல் வடிவமைப்பில் இந்தப் பிரிவினையே இல்லை, பின் மூன்று இடத்திலும் தன்னிஷ்டத்துக்குச் சுற்றியது.

மரை

ராடை அப்படியே வைத்துக்கொள்வதால் ஃபோர்க்கின் மரை ராடுக்குப் பொருந்தியாக வேண்டும். இங்கே அவசரப்பட்டால் ராடும் போய்விடும். ராடின் மேல் விட்டம் 9.4 மி.மீ. காட்டியது. 10 மி.மீ. மரை தேய்ந்து இவ்வளவுக்கு வராது, எனவே 3/8 அங்குலம், அதாவது 9.525. ஆனால் 3/8 அங்குலத்தில் மட்டும் பல ஜாதி உண்டு. ஒரு அங்குலத்துக்கு 16 மரை என்றால் யு.என்.சி. அல்லது விட்வொர்த், 20 என்றால் பி.எஸ்.எஃப்., 24 என்றால் யு.என்.எஃப். பிரிட்டிஷ் வகைகளில் மரையின் கோணம் 55 டிகிரி, யு.என். வகைகளில் 60. அமெரிக்கா, பிரிட்டன், கனடா மூன்றும் 1948இல்தான் ஒரே மரை முறைக்கு ஒப்புக்கொண்டன. அதற்கு முந்தைய வண்டிகளிலும், அதற்குப் பிறகு கொஞ்ச காலம் வந்தவற்றிலும் இரண்டும் கலந்தே கிடக்கும். ஒரே வண்டியில் இரண்டு வகை ஸ்பேனர் தேவைப்படுவதற்கு இதுதான் காரணம்.

மரை கேஜ் இல்லையென்றாலும் ஒரு வெள்ளைத் தாளை ராடின் மேல் அழுத்தி உருட்டினால் மரையின் முகடுகள் கோடுகளாகப் பதியும். அரை அங்குல நீளத்தில் 12 இடைவெளி வந்தது. ஆக 24, யு.என்.எஃப். அதே வகை டேப்பை (ஓட்டைக்குள் மரை வெட்டும் கருவி) ராடின் மேல் பக்கவாட்டாக வைத்து வெளிச்சத்தில் பார்த்தேன். பல்லோடு பல் உட்கார்ந்தது, நடுவில் வெளிச்சம் தெரியவில்லை. எண்ணிக்கையைவிட இந்தச் சோதனையைத்தான் நான் நம்புவேன்.

கட்டையை வெட்டுமுன் ஓட்டை

25 மி.மீ. சதுர மைல்டு ஸ்டீல் கட்டையில் 60 மி.மீ. நீளம் எடுத்துக்கொண்டேன். இரண்டு பட்டையையும் ஒரு கட்டையையும் வைத்து வெல்டு அடித்தால் வேலை சீக்கிரம் முடியும் என்பது உண்மை. ஆனால் வெல்டு குளிரும்போது காதுகளை உள்ளே இழுக்கும், பிறகு இரண்டு ஓட்டையும் நேர்கோட்டில் நிற்காது. திடக்கட்டையிலிருந்து குடைந்து எடுப்பதில் அந்தத் தலைவலி இல்லை.

வரிசைதான் இங்கே முக்கியம். கட்டை முழுசாகச் சதுரமாக இருக்கும்போதே எல்லா ஓட்டைகளையும் போட்டுவிட வேண்டும். காதுகளுக்கு நடுவிலுள்ள பிளவை முதலில் வெட்டிவிட்டால், காதுகள் வைஸில் நெரிந்து வளையும்; டிரில் ஒரு காதைத் தாண்டி அடுத்த காதுக்குப் போகும்போது வழி மாறும்.

முதல் ஓட்டை பின்னுக்கு. நுனியிலிருந்து 14 மி.மீ. தள்ளி மையம் குறித்து, சென்டர் பஞ்ச் அடித்தேன். 4 மி.மீ., பிறகு 8, பிறகு 11.8, கடைசியில் கையால் 12 மி.மீ. ரீமர். ரீமரை உள்ளே விடும்போதும் வெளியே எடுக்கும்போதும் வலப்பக்கமாகவே திருப்ப வேண்டும். பின்னோக்கித் திருப்பினால் துருவல் விளிம்பில் மாட்டி ரீமரின் கூர்மையைக் கெடுத்துவிடும். டிரில் வேகத்துக்கு நான் வைத்திருக்கும் கணக்கு, மைல்டு ஸ்டீலுக்கு நிமிடத்துக்கு 25 மீட்டர் வெட்டு வேகம். 12 மி.மீ. டிரில்லுக்கு அது சுமார் 660 சுற்று, 4 மி.மீ.க்கு சுமார் 2000. வீட்டு டிரில்லில் பெரும்பாலும் இதைவிட வேகமாகத்தான் ஓட்டுகிறோம். டிரில் பிட் நீலம் பாய்வதும் கீச்சிடுவதும் அதனால்தான்.

இரண்டாவது ஓட்டை பிளவின் அடிப்பகுதிக்கு. பின் ஓட்டைக்குச் செங்குத்தான முகத்தில், நுனியிலிருந்து 27.5 மி.மீ. தள்ளி, 13 மி.மீ. டிரில். பிளவின் அகலமும் அதே 13 என்பதால், இந்த ஓட்டையின் இரண்டு ஓரத்தையும் தொடும்படி நுனியிலிருந்து இரண்டு ஹாக்ஸா வெட்டு போட்டால் நடுத்துண்டு தானாகக் கழன்று விழும். அடி வட்டமாக இருப்பதால் அங்கே விரிசல் தொடங்க மூலை இல்லை. சதுர மூலையாக வெட்டிய ஃபோர்க்குகள் அந்த மூலையில்தான் கிழியும்.

மூன்றாவது மரைக்கு. கட்டையை நிமிர்த்தி வைஸில் பிடித்து, எதிர்முனையின் நட்டநடுவில் 8.5 மி.மீ. டிரில்லை இறக்கி அந்த 13 மி.மீ. ஓட்டைக்குள் வெளிவரச் செய்தேன். 3/8 யு.என்.எஃப்.க்கு 8.5 மி.மீ. டிரில் போட்டால் ஏறக்குறைய 75 சதவீத மரை ஆழம் கிடைக்கும். இதற்கு மேல் ஆசைப்பட்டால் டேப் உள்ளேயே முறியும், வலு ஒன்றும் பெரிதாகக் கூடாது. டேப்பர் டேப், செகண்ட் டேப் என்று வரிசையாக, அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே, நடுநடுவே எண்ணெய். டேப் நேராக இறங்குகிறதா என்று முதல் மூன்று சுற்றுக்குள் மூலைமட்டத்தை இரண்டு பக்கமும் வைத்துப் பார்த்துவிட வேண்டும். அதற்குப் பிறகு கோணல் தெரிந்தால் திருத்த முடியாது. மரையின் நீளம் 26 மி.மீ. வந்தது. எஃகில் விட்டத்தின் ஒன்றரை மடங்கு இருந்தாலே போதும், இங்கே இரண்டரை மடங்குக்கு மேல். மரை பிளவுக்குள் திறந்திருப்பதில் ஒரு வசதி உண்டு. ராடு எவ்வளவு உள்ளே வந்திருக்கிறது என்று கழற்றாமலே எட்டிப் பார்க்கலாம்.

பிறகு ரம்பமும் அரமும். காதுகளின் உட்புறத்தை அரத்தால் சீராக்கி, நுனியை அரைவட்டமாக உருட்டினேன். உருட்ட ஒரு சுலபமான வழி: பின் ஓட்டையின் இரண்டு பக்கமும் பெரிய கெட்டியான வாஷரை போல்ட் போட்டு இறுக்கிவிட்டு, வாஷரின் விளிம்பு வரை அரத்தைப் போடுங்கள். வாஷர் வட்டத்தைக் காட்டும்.

லீவரின் ஓட்டை

முழு வேலையிலும் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான், மிகவும் எரிச்சலூட்டியதும் இதுதான். நீள்வட்டமாகிப்போன ஓட்டையில் பெரிய டிரில்லை இறக்கினால், அது பள்ளமான பக்கம் சறுக்கிப்போகும். மையம் நமக்கு வேண்டிய இடத்தில் இருக்காது.

12 மி.மீ. தடிமனுள்ள ஒரு இரும்புப் பட்டையில் 15.75 மி.மீ. ஓட்டை ஒன்றைச் சுத்தமாகப் போட்டேன். இதுதான் வழிகாட்டி. லீவரில் அசல் மையத்தைக் குறித்து, அந்தப் பட்டையை அதன் மேல் மையம் பார்த்து வைத்து, இரண்டையும் சேர்த்து சி-கிளாம்பால் இறுக்கினேன். கீழேயும் ஒரு கட்டை. இப்போது டிரில்லுக்குப் பக்கவாட்டில் போக வழியில்லை, பட்டையின் ஓட்டை அதைப் பிடித்துக்கொள்ளும். மிகக் குறைந்த வேகம், கனமான கை. ஒருபக்கம் மட்டும் வெட்டும்போது டிரில் கடக் கடக்கென்று குதிக்கும். கிளாம்ப் சரியாக இல்லையென்றால் லீவர் சுழன்று விரலைப் பதம்பார்த்துவிடும், எனவே கையால் பிடித்துக்கொண்டு செய்யும் வேலை இல்லை இது. கடைசியில் 16 மி.மீ. ரீமர். லீவரின் வட்டத்தலை 30 மி.மீ., ஆக ஓட்டையைச் சுற்றி 7 மி.மீ. சுவர் மிச்சம்.

கன்மெட்டல் புஷ்ஷின் வெளிவிட்டம் 16.04 மி.மீ. இந்த 0.04 மி.மீ. இறுக்கம் போதும். சுத்தியலால் அடித்து ஏற்றினால் விளிம்பு விரியும். ஒரு நீளமான போல்ட், இரண்டு பெரிய வாஷர், ஒரு நட் வைத்து மெல்ல இழுத்து ஏற்றினேன். நீளத்தை 12.5 மி.மீ. வைத்தேன். லீவரின் தடிமன் 12 என்பதால் இரண்டு பக்கமும் கால் மி.மீ. துருத்தி நிற்கும். காதுகளில் உரசுவது எஃகாக இல்லாமல் கன்மெட்டலாக இருக்கட்டும் என்றுதான். இறுக்கமாக ஏறியதும் புஷ்ஷின் உள்விட்டம் சற்றுச் சுருங்கிவிடும். அதனால் 12 மி.மீ. ரீமரை ஏற்றிய பிறகுதான் போட வேண்டும், முன்பே போட்டால் வீண்.

பின்

8.8 தர போல்ட் ஒன்றின் மரையில்லாத பகுதியை வெட்டிப் பின்னாகப் போடலாமே என்று பலர் கேட்பார்கள். போடலாம், பலரும் போடுகிறார்கள். ஆனால் என்னிடம் இருந்த போல்ட்டுகளின் உடல் 11.8 மி.மீ. பக்கம்தான் இருந்தது. 12 மி.மீ. ரீமர் போட்ட ஓட்டையில் 0.2 மி.மீ. ஆட்டத்தோடு தொடங்க மனம் வரவில்லை. 12 மி.மீ. ஈ.என்.8 (நடுத்தரக் கார்பன் எஃகு) பிரைட் பார் எடுத்தேன். அது 11.97 காட்டியது.

ஈ.என்.8இல் கார்பன் சுமார் 0.4 சதவீதம். மைல்டு ஸ்டீலைச் சூடாக்கிக் குளிர்வித்தால் பெரிதாக ஒன்றும் ஆகாது, இது கடினமாகும். கையிலிருக்கும் கம்பி எதுவென்று சந்தேகமாக இருந்தால் கிரைண்டர் கல்லில் தொட்டுப் பாருங்கள். மைல்டு ஸ்டீலில் நீளமான, கிளைகள் குறைந்த பொறிகள் வரும். கார்பன் ஏற ஏறப் பொறிகள் நுனியில் நட்சத்திரமாக வெடிக்கும். வார்ப்பிரும்பு என்றால் குட்டையாக, மங்கிய சிவப்பில் வரும். தெரிந்த துண்டு ஒன்றைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால்தான் கண்ணுக்குப் பிடிபடும்.

பின்னின் நீளம் 34 மி.மீ. ஒரு முனையில் எம்6 கிரீஸ் நிப்பிளுக்காக 5 மி.மீ. டிரில் போட்டு மரை வெட்டினேன். அதன் அடியிலிருந்து 3 மி.மீ. டிரில்லை நடு வரை இறக்கி, அங்கே குறுக்கே ஒரு 3 மி.மீ. ஓட்டை. கிரீஸ் நேராகப் புஷ்ஷின் நடுவில் வெளிவரும். அந்தக் குறுக்கு ஓட்டை ராடு இழுக்கும் பக்கத்தைப் பார்க்கக் கூடாது. அழுத்தம் இல்லாத பக்கம் இருந்தால்தான் கிரீஸ் உள்ளே பரவும். மறுமுனையில் பக்கவாட்டில் 3 மி.மீ. அகலம், 3 மி.மீ. ஆழத்துக்கு ஹாக்ஸாவால் ஒரு வெட்டு. அதில் 3 மி.மீ. பட்டைத் துண்டு ஒன்று நுழைந்து, ஃபோர்க்கின் உடம்பில் எம்5 திருகால் இறுகும். கீப்பர் எனப்படும் இந்தப் பட்டை பின்னைச் சுற்றவும் விடாது, வெளியே வரவும் விடாது. காட்டர் பின் தேவையே இல்லை. அந்த எம்5 ஓட்டையை ஓரமாகத் தள்ளி 7 மி.மீ. ஆழத்தோடு நிறுத்திவிட வேண்டும், இல்லையென்றால் நடுவிலுள்ள ராடின் மரைக்குள் போய்விடும்.

வெட்டெல்லாம் முடிந்த பிறகு கடினப்படுத்தல். நிப்பிள் மரைக்குள் களிமண் அடைத்து நன்றாக உலரவிட்டேன். கேஸ் டார்ச்சில் சூடாக்கும்போது வெயிலில் நின்றால் இரும்பின் நிறம் தெரியாது, நிழலில் நிற்க வேண்டும். நிறத்தைவிடக் காந்தம் நம்பகமானது. சுமார் 770 டிகிரி செல்சியஸில் இரும்பு காந்தத்தில் ஒட்டுவதை நிறுத்திவிடும். அங்கிருந்து இன்னும் ஒரு படி பிரகாசமாகும்வரை, ஏறக்குறைய 840 டிகிரிக்கு, ஏற்றி எண்ணெயில் நிமிர்த்தி இறக்கி அசைத்தேன். தண்ணீரில் போட்டால் இன்னும் கடினமாகும்தான், ஆனால் குறுக்கு ஓட்டையின் விளிம்பில் வெடிப்பு விடும் பயம் உண்டு. எண்ணெய்ப் பாத்திரம் இரும்பாகவும், பாதி நிரம்பியதாகவும் இருக்கட்டும், பக்கத்தில் அதை மூட ஒரு தகடு இருக்கட்டும். எண்ணெய் சட்டென்று தீப்பிடித்தால் தகட்டை மேலே போட்டால் அணைந்துவிடும், தண்ணீர் ஊற்றக் கூடாது. துத்தநாகப் பூச்சு உள்ள கம்பியை இப்படிச் சூடாக்கவே கூடாது, அந்தப் புகை காய்ச்சலைக் கொண்டுவரும்.

கரியை எமரித் தாளால் தேய்த்துப் பளபளப்பாக்கி, தடித்த இரும்புத் தகட்டின் மேல் வைத்துத் தகட்டை அடியிலிருந்து மெல்லச் சூடாக்கினேன். முதலில் வைக்கோல் மஞ்சள், பிறகு பழுப்பு, ஊதா, கடைசியில் நீலம். நீலம் என்பது சுமார் 300 டிகிரி. இந்த இடத்தில் அவசரமே கூடாது. டார்ச்சைப் பின்னின் மேல் நேராகக் காட்டினால் ஒரு பக்கம் நீலமும் மறுபக்கம் வெள்ளையுமாக நிற்கும். தகட்டில் உருட்டிக்கொண்டே இருந்தால் நிறம் ஒரே சீராக ஓடும். நீலம் முழுக்க வந்ததும் எடுத்து ஆறவிட்டேன். கடைசித் தேய்ப்புக்குப் பிறகு 11.95 மி.மீ. புஷ்ஷில் 0.05 மி.மீ. இடைவெளி. கிரீஸ் படலத்துக்கு இவ்வளவு வேண்டும். அரத்தின் ஓரத்தை வைத்துப் பார்த்தால் லேசாகத்தான் பிடிக்கிறது. பழைய பின்னைப் போலத் தோல் மட்டும் கடினமாக இல்லை. இந்தத் தடிமனில் உள்ளேயும் ஓரளவு கடினம் போயிருக்கும், எனவே மேற்புறம் தேய்ந்த பிறகு திடீரென்று மெத்தென்று ஆகிவிடாது.

மாட்டியது

சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்து, கியரை நியூட்ரலில் வைத்து, பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு அடியில் போனேன். பெடலின் ஸ்பிரிங்கை முதலில் விடுவிக்க வேண்டும், அது அடிக்கும். ஃபோர்க்குக்கு ரெட் ஆக்ஸைடு ஒரு கோட். பின் ஓட்டையிலும் மரையிலும் படாமல். ராடில் லாக் நட், பிறகு ஃபோர்க், லீவரை உள்ளே விட்டுப் பின், கீப்பர் பட்டை, திருகுக்கு ஸ்பிரிங் வாஷர். கிரீஸ் கன்னை இரண்டு தடவை அழுத்தியதும் புஷ்ஷின் இரண்டு பக்கமும் கிரீஸ் எட்டிப் பார்த்தது. குறுக்கு ஓட்டை சரியான இடத்தில் இருக்கிறது என்று உறுதியானது.

பெடலின் ஃப்ரீ பிளேயை, அதாவது கிளட்ச் வேலை செய்யத் தொடங்குமுன் பெடல் சும்மா நகரும் தூரத்தை, 25 மி.மீ. வைத்தேன். இது என் வண்டியின் கையேட்டில் உள்ள அளவு, உங்கள் வண்டிக்கு உங்கள் கையேடுதான் முடிவு. இந்த ஆட்டம் குறைந்தால், கிளட்சைத் தள்ளி விடுவிக்கும் ரிலீஸ் பேரிங் எப்போதும் கிளட்ச் விரல்களைத் தொட்டுக்கொண்டே சுற்றித் தேயும், கிளட்சும் முழுப்பிடிப்பு கிடைக்காமல் வழுக்கும். கூடினால் பெடல் அடிவரை போயும் கிளட்ச் விடாது, கியர் போடும்போது பல் கத்தும். இரட்டைக் கிளட்ச் வண்டியென்றால் பெடலின் முதல் பாதியில் வண்டி நிற்கும், அடுத்த பாதியில் பி.டி.ஓ. நிற்கும். அங்கே ராடு நீளத்தை மாற்றினால் இரண்டுமே இடம் மாறும், இரண்டையும் சோதிக்க வேண்டும்.

சோதனைக்கு எஞ்சினை ஐடிலில் விட்டு, பெடலை முழுக்க மிதித்து, சில விநாடி பொறுத்து முதல் கியர். சத்தமில்லாமல் விழுந்தது. முன்பெல்லாம் அந்தக் கியரைப் போட எஞ்சினை அணைத்துவிட்டுப் போடும் பழக்கமே வந்துவிட்டிருந்தது.

லாக் நட்டை இறுக்கிய பிறகு, ராடு, நட், ஃபோர்க் மூன்றின் மேலும் ஒரே கோடாகப் பெயின்ட் தீட்டினேன். நட் தளர்ந்தால் கோடு உடைந்து காட்டும். கீப்பர் திருகுக்கும் அப்படியே. முதல் சில மணி நேர ஓட்டத்துக்குப் பிறகு ஃப்ரீ பிளே ஒரு சொட்டுக் கூடியிருந்தது. புது முகங்கள் உட்காரும்போது அப்படித்தான் ஆகும். லாக் நட்டைத் தளர்த்தி ஃபோர்க்கை அரைச் சுற்று திருக வேண்டியதாயிற்று. யு.என்.எஃப். 24 மரையில் அரைச் சுற்று என்றால் ராடில் அரை மி.மீ. சொச்சம், பெடலில் இரண்டரை மி.மீ.